சாண் நீள டீசலும் சில சக்கரவர்த்திகளும்

தமிழ்நாட்டு ரயில் பாதைகளில் பெயரிலேயே பந்தா காட்டுவது ஒன்றுதான். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாக நின்று கும்பிட்டுவிட்டுத் திருச்சி போய்ச் சேரும் பாதைக்கு 'மெயின் லைன்' என்று பெயர். 1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக ஒரு குறுக்குப் பாதை போட்டார்கள். அது வெறும் 'கார்டு லைன்'. ஆனால் வைகை, பல்லவன், பாண்டியன் எல்லாம் அந்தக் குறுக்குவழியில்தான் பறக்கின்றன. மெயின் லைனில் மெயினாக மிச்சமிருப்பது பெயர் மட்டும்தான்!

போகட்டும். இந்த மெயின் லைனின் மேல் உயிரையே வைத்திருக்கிற கடலூர்க்காரர் ஒருவருக்கு, அதில் கடலூர்-சிதம்பரம் துண்டை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க இந்த ஆசை உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மாடல் ரயில்வே என்பார்கள். 'பொம்மை ரயில்' என்று மட்டும் அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். நாற்பது வயது ஆசாமி நாலு வயதுக் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இதில் மிகப் பிரபலமான அளவு எச்.ஓ. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் சுமார் 40 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தால் 460 மீட்டர். ஆக, மனசாட்சிப்படி செய்வதென்றால் தண்டவாளம் ஹாலில் கிளம்பி, வாசல் தாண்டி, தெருமுனை திரும்பி, அடுத்த வார்டு கவுன்சிலரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஒரே ஆறுதல், சுமார் 135 அடி உயரமுள்ள சிதம்பரம் கோபுரம் ஒன்றரை அடியில் முடிந்துவிடும்.

இன்னொரு கூத்து. நிஜ வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் 40 கிலோமீட்டரைக் கடக்க 40 நிமிஷம். வேகத்தையும் 87-ஆல் வகுத்தால் மாடல் வண்டி விநாடிக்கு சுமார் 19 சென்டிமீட்டர் போக வேண்டும். அந்த வேகத்தில் 460 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? அதே 40 நிமிஷம்! தூரத்தைச் சுருக்கினான், வண்டியைச் சுருக்கினான், கோபுரத்தைக்கூடச் சுருக்கினான் மனுஷன். நேரம் மட்டும் மசியவில்லை. அதற்கும் இந்தக் கூட்டம் வழி வைத்திருக்கிறது. 'ஃபாஸ்ட் கிளாக்' என்று ஒரு கடிகாரம். நாலு மடங்கு, ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். அந்தப் பொய் மணியைப் பார்த்துத்தான் டைம்டேபிள் போடுவார்கள். வண்டி லேட்டானால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற யோசனை நல்லவேளை நம் ரயில்வே போர்டின் கண்ணில் இன்னும் படவில்லை.

சரி, 460 மீட்டரையும் போட்டாயிற்று. முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. இங்கே ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். ஒரு பெரிய மனிதரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் கைநிறையச் சம்பளம். அதை உதறிவிட்டு, இந்தியாவின் இரும்பு ராஜாவாகிறேன் பார் என்று 1830களில் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் இரும்பாலை வைத்தார். தாது சேலத்துப் பக்கத்திலிருந்து வரவேண்டும். எரிக்கக் கரி காட்டிலிருந்து வரவேண்டும். கடன் கம்பெனியிடமிருந்து வரவேண்டும். வராதது லாபம் ஒன்றுதான். மனுஷன் சளைக்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, 1839-இல் மாங்கனீசு சேர்த்து நல்ல எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அவருடைய யோசனையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக் கொழுத்தார்கள். ஹீத் கோர்ட் படியேறி இளைத்தார். அப்புறம், 1870களில் நம் தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜ் பாதை பரங்கிப்பேட்டைக்கு வந்தபோது, அந்த இரும்பாலை மூச்சை நிறுத்தியிருந்தது. தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? இங்கிலாந்திலிருந்து, கப்பலில்!

சரி, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, கிள்ளை வழியாகச் சிதம்பரம் வந்துவிடலாம். தண்டவாளம் ரெடி. ஓட்ட எஞ்சின் வேண்டுமே!

இந்தப் பாதையின் சூப்பர் ஸ்டார் ஒய்டிஎம்-4. மீட்டர்கேஜ் டீசல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி செய்து அனுப்பியது. பிறகு வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் நாமே செய்தோம். பொன்மலை ஷெட்டிலிருந்து வந்து சோழன் எக்ஸ்பிரஸையும் இழுத்திருக்கிறது, பாசஞ்சரையும் இழுத்திருக்கிறது. 1,400 குதிரைச் சக்தி, 72 டன். நீளம் பதினைந்தரை மீட்டர் சொச்சம். 87-ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். ஒரு சாண்தான்! எடைக்கு 87-ஆல் மூன்று தடவை வகுக்க வேண்டும்; 110 கிராம் வரும். அவ்வளவு நோஞ்சானாக இருந்தால் சக்கரம் வழுக்கும், நாலு பெட்டியை இழுக்காது. எனவே மாடல் எஞ்சினின் வயிற்றில் உலோகக் கட்டியைத் திணித்து எடையை மூன்று மடங்காக்குகிறார்கள். எடை கூட்டுவதற்குக் காசு செலவழிக்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் இவர்கள் மட்டும்தான்.

இப்படியெல்லாம் செய்கிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இவர்களுக்கு முன்னோடி ஒரு மகாராஜா.

குவாலியர் மாதவராவ் சிந்தியா பத்து வயது நிரம்புவதற்குள் பட்டத்துக்கு வந்தவர். எல்லாக் குழந்தைகளும் ரயில் கேட்கும். இவர் கேட்டபோது 'இல்லை' என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1890களில் அரண்மனைத் தோட்டத்தில் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு நிஜ எஞ்சினையே ஓட்டிப் பார்த்தார். தோட்டம் போதவில்லை. ஊருக்குள் நீட்டினார். ஊரும் போதவில்லை. நீட்டிக்கொண்டே போய் அது குவாலியர் லைட் ரயில்வே ஆகி, ஷியோபூர் வரைக்கும் 200 கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. 2020 வரை ஜனங்கள் டிக்கெட் எடுத்து அதில் போனார்கள். ஒரு பையனின் விளையாட்டுச் சாமான் நூறு வருஷத்துக்கு மேல் பொதுப் போக்குவரத்தாக ஓடிய அதிசயம் உலகத்தில் வேறெங்கே நடக்கும்!

வெளியே விளையாடியது போதாதென்று சாப்பாட்டு மேஜைக்கும் ஒரு ரயில். ஜெய் விலாஸ் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். இங்கிலாந்தின் பாசெட்-லோக் கம்பெனி செய்துகொடுத்த வெள்ளி ரயில். மின்சாரத்தில் ஓடும். பெட்டிகளில் வெட்டுக்கண்ணாடிக் குப்பிகள், அவற்றில் பிராந்தி, பக்கத்தில் சுருட்டு. விருந்தாளி முன்னால் வரும். குப்பியை எடுத்தால் வண்டி நிற்கும், திரும்ப வைத்தால் கிளம்பும். சென்சார் வைத்த இந்தக் காலத்து ரோபோ சர்வருக்குக்கூட இவ்வளவு மரியாதை தெரியாது.

காலின்ஸும் லாப்பியரும் இந்திய சுதந்திரத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த ரயிலைப் பற்றி ஒரு கதை வரும். வைஸ்ராய்க்கு விருந்து. மகாராஜா கட்டுப்பாட்டுப் பலகை முன் உட்கார்ந்திருக்கிறார். ஷார்ட் சர்க்யூட். ரயில் வெறிபிடித்து மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்து, வந்த பெரிய மனிதர்களின் மடியில் குழம்பும் கறியுமாக அபிஷேகம் செய்துவிட்டதாம். நடந்ததோ இல்லையோ, மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் நடந்திருக்கும் என்று சத்தியம் செய்வார்கள். விருந்தாளி வந்தால்தான் ஷார்ட் ஆகும் என்பது இந்தத் துறையில் ஓம் விதிக்கு அடுத்த விதி.

மகாராஜாவுக்கு ரயில் விளையாட்டு. அமெரிக்காவில் ஒருவருக்கு அதுவே வியாபாரம். ஜோஷுவா லயனல் கவன். தன் நடுப்பெயரையே கம்பெனிக்கு வைத்தவர். தன்னடக்கத்தை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். 1900 வாக்கில் அவர் செய்த முதல் ரயில் விற்பனைக்கே அல்ல. மன்ஹாட்டனில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலில் சரக்கை வைத்துச் சுற்றவிட ஒரு மின்சாரப் பெட்டி, விளம்பரத்துக்கு. வந்த ஜனங்கள் சரக்கை விட்டுவிட்டுப் பெட்டியை விலைக்குக் கேட்டார்கள். ஜவுளிக்கடை பொம்மையின் மேல் கிடக்கும் புடவையை விட்டுவிட்டுப் பொம்மையைக் கேட்டது போல! கவன் அதிர்ச்சியாகவில்லை; ஆர்டர் எடுத்தார்.

கவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏழு வயதிலேயே மரத்தில் ரயில் எஞ்சின் செதுக்கி, அதில் நிஜ நீராவியைப் பொருத்தி, அது வெடித்துச் சமையலறைச் சுவர்க் காகிதம் நாசமாயிற்று என்பார். டார்ச் லைட்டைக் கண்டுபிடித்ததும் நானே என்பார். டார்ச் லைட் காப்புரிமையில் டேவிட் மிசெல் என்று வேறொருவர் பெயர் இருக்கிறதே என்று யாரும் குறுக்கே பேசியதாகத் தெரியவில்லை. கதை சொல்லத் தெரியாதவனால் பொம்மை விற்க முடியுமா என்ன?

இந்த லயனல் கம்பெனிதான் 1948-இல் டீசல் எஞ்சினுக்கு ராஜ மரியாதை வாங்கிக் கொடுத்தது. சாண்டா ஃபே ரயில்வேயின் எஃப்-3, சிவப்பும் வெள்ளியுமாகப் பளபளவென்று. இந்தப் பொம்மைக்கு அச்சு செய்ய எக்கச்சக்கச் செலவு. கவன் என்ன செய்தார்? நிஜ எஞ்சினைச் செய்கிற ஜெனரல் மோட்டார்ஸிடமும், நிஜ ரயில் விடுகிற சாண்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் கம்பெனிகளிடமும் போய்ப் பங்கு கேட்டார். கொடுத்தார்கள்! லட்சக்கணக்கான வீடுகளில் நம் பெயர் கம்பளத்தின் மேல் ஓடுமே என்ற நப்பாசை. எஞ்சின் விற்க வேண்டிய உலகத்தின் மிகப்பெரிய மோட்டார் கம்பெனி, பொம்மைக் கடைக்காரரிடம் ஸ்பான்சராக நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங் என்று அதற்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கிறது.

வெற்றி தலைக்கேறினால் என்ன ஆகும்? 1957-இல் 'பெண் குழந்தைகளுக்காக' என்று ரோஸ் கலரில் ஒரு ரயில் செட் விட்டது லயனல். எஞ்சின் ரோஸ், பெட்டிகள் இளநீலம், இளமஞ்சள். பெண் குழந்தைகள் ஒரு பார்வை பார்த்தார்கள். ரயில் என்றால் அண்ணன் வைத்திருக்கிற மாதிரி நிஜ ரயில் நிறத்தில் வேண்டும் என்றார்கள். செட்டுகள் கடையிலேயே தூங்கின. அன்று யாரும் வாங்காததால் இன்று கிடைப்பது அபூர்வம். அபூர்வம் என்பதால் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த அண்ணன்கள்.

இனி டீசல் மாடலை ஏழை எளியவர்களுக்குக் கொண்டுவந்த புண்ணியவானைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் இர்வ் ஏதர்ன். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகப் பல்சக்கரம் வேண்டும். பல்சக்கரத்துக்குக் காசு வேண்டும். ஏதர்ன் 1950களில் ஒரு வழி கண்டுபிடித்தார்: ரப்பர் பேண்டு! மோட்டாரின் தண்டிலிருந்து சக்கர அச்சுக்கு நேரே ரப்பர் பேண்டை மாட்டிவிட்டார். கம்பீரமான டீசல் எஞ்சினின் மூடியைக் கழற்றினால், மளிகைக்கடைப் பொட்டலத்திலிருந்து உருவியது போல நாலு ரப்பர் பேண்டு. வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரம் இல்லாததால் ஸ்டேஷனிலிருந்து மெதுவாகக் கிளம்பும் பழக்கமே அதற்குக் கிடையாது. நிற்கும், அல்லது ராக்கெட்டாகப் பாயும். கொஞ்ச வருஷத்தில் ரப்பர் காய்ந்து பட்டென்று அறும். அப்போதும் பாயும், ரப்பர் மட்டும்.

பிறகு அவரே ஒழுங்காகப் பல்சக்கரம் வைத்தார். ஆனால் கைவசம் இருந்த மோட்டார் அகலம். நிஜ எஞ்சினின் உடற்கூடு ஒல்லி. சாதாரண மனிதன் மோட்டாரை மாற்றுவான். ஏதர்ன் எஞ்சினைக் குண்டாக்கிவிட்டார்! ஒரு தலைமுறை முழுக்க அமெரிக்கப் பையன்கள் தொப்பை போட்ட டீசல்களை ஓட்டி வளர்ந்தார்கள். அவர்கள் பெரியவர்களாகி, ஸ்கேல் வைத்து அளந்து, நமக்கு இவ்வளவு நாள் பட்டை நாமம் என்று கண்டுபிடித்தபோது, அதே தொப்பை எஞ்சினுக்கு 'அந்தக் காலத்து ஏதர்ன் மாதிரி வருமா' என்று உருகவும் ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த டீசல் மாடல் எதிலும் ஒரு சொட்டு டீசல் கிடையாது. தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரம். சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. ஏமாற்று வேலை என்று கொதிக்காதீர்கள். நிஜ ஒய்டிஎம்-4 மட்டும் என்னவாம்? அதன் சக்கரத்தைச் சுற்றுவதும் மின்மோட்டார்தான்! டீசல் எஞ்சினுக்கு ஒரு பலவீனம், நின்ற நிலையிலிருந்து பாரத்தை நேராக இழுக்கச் சொன்னால் மூச்சு நின்றுவிடும். 1912-இல் ருடால்ஃப் டீசலின் பெயர் தாங்கிய முதல் டீசல் ரயில் எஞ்சின் சுவிட்சர்லாந்தில் கிளம்பியபோது சக்கரத்தோடு நேரடி இணைப்பு, கிளப்பிவிடக் காற்றழுத்தம் என்று ஏதேதோ செய்து பார்த்தார்கள். உருப்படவில்லை. கடைசியில் டீசல் எஞ்சினை ஜெனரேட்டர் சுற்றும் வேலைக்கு இறக்கிவிட்டு, சக்கரத்தை மின்சாரத்திடம் ஒப்படைத்தார்கள். புகை, சத்தம், பெயர் எல்லாம் டீசலுக்கு. இழுக்கிற வேலை மின்சாரத்துக்கு. நம் ஆபீஸ்களில் பார்க்காததா?

ஆக, மாடல் எஞ்சின் செய்ததெல்லாம் நடுவிலிருந்த அந்த மேனேஜரை நீக்கியதுதான். நீக்கிய பிறகு அவர் குரல் இல்லாமல் வண்டி வெறிச்சென்று இருக்கிறது என்று, ஆல்கோ எஞ்சினின் உறுமலைப் பதிவுசெய்த சிப் ஒன்றையும் ஸ்பீக்கரையும் உள்ளே வைக்கிறார்கள். சில சமயம் எஞ்சினைவிட அதன் சத்தத்துக்கு விலை அதிகம்.

சக்கரவர்த்திகள் வரிசை இன்னும் முடியவில்லை. 1950-இல் வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ஏறி உட்கார்ந்து போகிற அளவில் ரயில் விட்டார். குறுக்கே மனைவி லில்லியனின் பூச்செடிகள். மிக்கி மவுஸைப் படைத்தவருக்கு மனைவியிடம் வாய்மொழி அனுமதியில் நம்பிக்கை இல்லை. வக்கீலை வைத்து, ரயில் போக எனக்கு உரிமை உண்டு என்று ஒரு பத்திரம் எழுதி, மனைவி, மகள்களிடம் கையெழுத்து வாங்கினார். பூச்செடிகளுக்கு அடியில் சுரங்கமும் தோண்டினார். ஒரு ஜாக்கிரதைக்கு எஞ்சினுக்கு மனைவி பெயரையே வைத்து 'லில்லி பெல்' என்று அழைத்தார். கவனியுங்கள்: அமெரிக்க ரயில்வேக்கள் நீராவியைத் தூக்கிப்போட்டுவிட்டு டீசலுக்குத் தாவிக்கொண்டிருந்த அதே வருஷம். டிஸ்னி ஓட்டியதோ நீராவி எஞ்சின்.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் இன்னும் ஒரு படி மேலே. உலகச் சுற்றுப்பயணத்தில் ஹோட்டலில் தனக்கொரு அறை, கூட இன்னொரு அறை. அதில் கட்டிலை எடுத்துவிட்டு, பசை நெடி போக ஃபேன் வைக்கச் சொல்லி முன்கூட்டியே தகவல் போகும். ராக் ஸ்டாரின் இரண்டாவது அறை என்றால் நீங்கள் என்னென்னவோ நினைத்திருப்பீர்கள். மனுஷன் உள்ளே உட்கார்ந்து அட்டைக் கட்டடத்துக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தார்! 23 வருஷம் இப்படி ஒட்டி, 124 அடி நீளத்துக்கு ஒரு நகரத்தையே கட்டி, 2019-இல் பத்திரிகையில் வெளியிட்டார். பிபிசி ரேடியோவில் ஜெரமி வைன், இவ்வளவையும் இவரே கட்டியிருக்க மாட்டார் என்பது போல ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ராட் ஸ்டூவர்ட் நிலையத்துக்கே போன் போட்டுவிட்டார். நானே கட்டியது, எலக்ட்ரிக் வேலை மட்டும்தான் வேறு ஆள்! பாட்டு நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை போன் வந்திருக்காது. அந்த நகரம் எந்தக் காலத்து நகரம் தெரியுமா? 1940கள்.

இந்தியாவில் மகாராஜாவுக்குப் பிறகு ஆளே இல்லையா என்று ரோஷப்படாதீர்கள். புனேயில் பாவ்சாஹேப் ஜோஷி, சொந்தப் பொழுதுபோக்காக ஆரம்பித்ததைப் பெருக்கிப் பெருக்கி, 1998-இல் கோத்ரூடில் ஒரு மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகமாகவே திறந்துவிட்டார். வீட்டு அம்மணிகள் 'இந்தக் குப்பையை எங்கேயாவது கொண்டுபோய் வையுங்களேன்' என்று சொல்வதை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

நம் கடலூர்க்காரர் கதைக்கு வருவோம். அவருக்கு ஒய்டிஎம்-4தான் வேண்டும். மீட்டர்கேஜின் 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. வழக்கமான எச்.ஓ. தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர், ஒத்துவராது. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பெமோ கம்பெனி சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்வது. ஆக, பிளாஸ்டிக் ஷீட்டை அறுத்து ஒட்டி மேலே பொன்மலை; கீழே ஆல்ப்ஸ் மலை. அகலப்பாதை ரசிகர்கள் நிலைமை இன்னும் மோசம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். பதினாறரையில் நிற்க வைக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் குனிந்து பார்க்காமல் இருப்பது ஒரு நாகரிகம்.

ஓட்டுவது இன்னொரு அத்தியாயம். பழைய முறையில் தண்டவாளத்தில் எத்தனை எஞ்சின் நின்றாலும் குமிழைத் திருகினால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இதற்கு விடிவு ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கிய டிசிசி என்ற டிஜிட்டல் முறை. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த எஞ்சின் மட்டும் நகரும். அருமையான ஏற்பாடு! ஒரே சிக்கல், தொழிற்சாலையிலிருந்து வரும் புது எஞ்சின் எல்லாவற்றுக்கும் நம்பர் 3. மாற்ற மறந்துவிட்டு மூன்றைக் கூப்பிட்டால் சிதம்பரத்தில் நிற்பதும் கிளம்பும், கடலூரில் நிற்பதும் கிளம்பும். ஒற்றைத் தண்டவாளத்தில் பரங்கிப்பேட்டை வாக்கில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

அதுவும் தண்டவாளம் சுத்தமாக இருந்தால். தண்டவாளத்திலும் சக்கரத்திலும் மெல்லிய கறுப்பு அழுக்குப் படியும். கடலூர் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். மின்சாரம் ஏறாது. 1,400 குதிரைச் சக்தி என்று பக்கவாட்டில் கர்ஜித்துக்கொண்டிருந்த எஞ்சின் பொசுக்கென்று நிற்கும். உடனே வானத்திலிருந்து ஒரு பிரம்மாண்டமான ஆள்காட்டி விரல் இறங்கி முதுகில் ஒரு தள்ளு தள்ளும். எஞ்சின்களைச் சக்கர எண்ணிக்கையால் 2-8-2, 4-6-2 என்று வகைப்படுத்துவார்கள் அல்லவா? இந்தக் கையின் ஐந்து விரல்களுக்கும் அமெரிக்கர்கள் ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: 0-5-0. உலகத்தின் எல்லா மாடல் ரயில்வேயிலும் அதிகம் உழைக்கும் எஞ்சின் அதுதான். பிறகு பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்து 460 மீட்டரையும் தவழ்ந்து துடைக்க வேண்டும். மகாராஜா பிராந்தியை ரயிலில் ஏற்றினார். நம்மவர் ஆல்கஹாலைத் தண்டவாளத்துக்கு ஊற்றுகிறார்.

எல்லாம் எதற்கு என்கிறீர்களா? இங்கேதான் எனக்கொரு சந்தேகம் உண்டு. குழந்தைகளுக்கு இன்றைய எஞ்சின் வேண்டும். 1948-இல் சாண்டா ஃபே டீசலைக் கேட்டு அழுத அமெரிக்கக் குழந்தை கேட்டது அன்றைய லேட்டஸ்ட் மாடலை. பெரியவர்களுக்கு மட்டும் எப்போதும் போன எஞ்சின்தான் வேண்டும். ஒய்டிஎம்-4 நம் பாதைக்கு வந்தபோது, ஐயோ நீராவியின் அழகு வருமா, இது வெறும் தகரப் பெட்டி என்றார்கள். ஆல்கோ டீசல் கிளம்பும்போது கக்குகிற கரும்புகையைப் பார்த்துச் சமாதானமாகி, அதற்கு 'கௌரவ நீராவி எஞ்சின்' என்று பட்டம் கொடுத்த அமெரிக்க ரசிகர்களும் உண்டு. அப்புறம் மீட்டர்கேஜைப் பிடுங்கிவிட்டு 2010-இல் கடலூர்-சிதம்பரம் வழியாக அகலப்பாதை வந்தது. அன்றே அந்தத் தகரப் பெட்டி தெய்வமாகிவிட்டது! நம் ஒய்டிஎம்-4கள் மலேசியா, மியான்மர், தான்சானியா என்று வெளிநாட்டு வேலைக்குப் போனவை. உள்ளூரில் இருந்தவரை யாரும் மதிக்கவில்லை. ஃபாரின் போனதும் சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள்.

இப்போது மெயின் லைனில் மின்கம்பி. மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறது. சிதம்பரம் பிளாட்பாரத்தில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். இன்னும் முப்பது வருஷம் போகட்டும். அந்த 'ம்ம்ம்' சத்தத்தைப் பதிவுசெய்த சிப் ஒன்றை யாரோ ஒருவர் சொத்தை விற்று வாங்கத்தான் போகிறார். அதோடு விடுவாரா? தண்டவாளத்துக்கு மேலே தலைமுடி அளவில் மின்கம்பி இழுத்து, எஞ்சின் தலையில் பான்டோகிராஃபைத் தூக்கி வைத்துக் கம்பியில் உரசவிட்டு, வளைவில் அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சரிசெய்வார். ஆனால் அந்தக் கம்பியில் கரண்ட் இருக்காது. பெரும்பாலான எச்.ஓ. மின்சார எஞ்சின்கள் சாப்பிடுவது தண்டவாளத்திலிருந்துதான். மேலே இருக்கிற கம்பி சும்மா ஷோவுக்கு.